உருகாத உப்பு

சூளைக்காரரை அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பியது மேனேஜர். அனுப்ப வைத்தது அந்த டைல் தொழிற்சாலையின் லேபில் வேலை பார்க்கும் அவள் சொன்ன இரண்டு வாக்கியங்கள்.

முதல் வாக்கியத்தை அவள் நம்பித்தான் சொன்னாள். மேனேஜர் அறையில் மேசைமேல் அவள் செய்த பவுடரைப் பூசிய இரண்டு டைல்கள் இருந்தன. ஒன்று லேபில் அவள் சுட்டது. மற்றது சூளையில் சுட்டு வந்தது. இரண்டின் மேலும் ஒரே அளவு நீலச் சாயம் தடவி, ஒரே விளக்கின் அடியில் காலையிலிருந்து வைத்திருந்தார்கள். அவளுடைய டைலில் நீலம் போன இடம் தெரியவில்லை. சூளையில் வந்ததில் நீலம் அப்படியே உட்கார்ந்திருந்தது, எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற விருந்தாளி மாதிரி.

"ரெண்டும் ஒரே பவுடர்தானே?" என்றார் மேனேஜர்.

"ஒரே பவுடர்தான் சார். லேப் அடுப்புல தொள்ளாயிரம் டிகிரில சுட்டேன். தாங்குது. அப்ப சூளையிலதான் சூடு கூடப் போயிருக்கணும்."

சூளைக்காரர் கதவோரம் நின்றிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "என் சூளை தொள்ளாயிரத்தைத் தாண்டலை சார்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை தன் பக்கம் வந்து நின்றபோது அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு பாடுபட்டுச் செய்த பவுடர்மேல் சந்தேகம் திரும்பிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் இரண்டாவது வாக்கியம் வாயிலிருந்து விழுந்தது.

"அண்ணாவுக்குக் கண்ணுக்கு மருந்து விட்டுட்டு இருக்காங்க சார். மீட்டர் சரியாத் தெரியாம இருந்திருக்கலாம்."

அண்ணா என்று அவள் சும்மா சொல்லவில்லை. அவர் அவள் வீட்டுக்காரரின் அக்காவைக் கட்டியவர். ஒரே வீடு. மாடியில் அவர்கள், கீழே இவர்கள், நடுவில் ஒரே சமையலறை. கண்ணுக்கு மருந்து விடுவது அந்த வீட்டின் நான்கு சுவருக்குள் மட்டும் தெரிந்த விஷயம். வேலை இடத்தில் தெரிந்தால் சூளையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அவர் மனைவி, இவளுக்கு அண்ணி, அந்த மருந்துக் குப்பியை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அண்ணி வெளியே போயிருந்த ஒரு நாள் இவள்தான் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, இமையை விரித்துப் பிடித்து, சொட்டு விட்டாள்.

சூளைக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. மருந்து விழுந்தவுடன் எதையும் சரியாகப் பிடிக்க முடியாமல் ஒரு கணம் விழிப்பாரே, அப்படிப் பார்த்தார்.

அன்று மதியமே அவரைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள்.

*

அந்த வெள்ளைப் பவுடர் ஒன்றும் அதிசயமானதல்ல. டைட்டானியம் டைஆக்சைடு. பெயிண்டில் இருக்கும், பற்பசையில் இருக்கும். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. பொருள் ஒன்றுதான், உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் வேறு. ஒரு அடுக்குக்கு அனட்டேஸ் என்று பெயர். வெளிச்சம் பட்டால் அது விழித்துக்கொள்ளும். தன்மேல் படிந்த அழுக்கு, எண்ணெய், கிருமி, தடவிய சாயம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இந்தப் பவுடரைப் பூசிய டைலை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினால் வெளிச்சமே பாதிச் சுவரைத் துடைத்துவிடும்.

சிக்கல் சூளையில்தான். பூச்சு டைலோடு ஒட்ட வேண்டுமென்றால் தொள்ளாயிரம் டிகிரியில் சுட்டாக வேண்டும். அந்தச் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, அடுக்கு மாறி ரூட்டைல் என்ற இன்னொரு வகையாகிவிடும். அது கும்பகர்ணன் வகை. விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்தாலும் எழாது. லேபில் இதைப் பவுடர் செத்துப்போச்சு என்பார்கள்.

சாகாமல் பார்ப்பதுதான் அவள் வேலை. துகள்களுக்கு நடுநடுவே சிலிக்காவைக் கலந்தாள். சண்டை போடுகிற பிள்ளைகளுக்கு நடுவில் பெரியவர் ஒருவரை உட்கார வைப்பதுபோல. அளவை மாற்றி மாற்றி எத்தனையோ தடவை செய்தும் செத்துக்கொண்டே இருந்தது. தொழிற்சாலையில் அவளுக்குப் பவுடரம்மா என்று பெயரே வந்துவிட்டது. "பவுடரம்மா, இன்னிக்கு எத்தனை சாவு?" என்று கேன்டீனில் கேட்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

பிறகு ஒரு நாள் சாகவில்லை. அடுத்த நாளும் சாகவில்லை. மேனேஜர் லேபுக்கே வந்து கை கொடுத்தார். ஒரு ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் இந்த டைலைக் கேட்டிருப்பதாகச் சொன்னார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாட்களில் அவள் லேபிலிருந்து சூளைக்கு நடந்து போன நடையே வேறு.

சூளைக்காரர்தான் அப்போது அதிகம் சந்தோஷப்பட்டவர். "நம்ம வீட்டுப் புள்ள கண்டுபுடிச்சது" என்று வண்டி தள்ளுகிறவர்கள் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். முதல் லாட்டைத் தன் கையாலேயே சூளைக்குள் ஏற்றினார்.

*

அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிய அன்று சாயங்காலம் சமையலறையில் அண்ணி பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். அதாவது, பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன. இவள் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். ஆகவே சாப்பாட்டு மேசையில் மூன்றே பேர்.

"பாரேன் உங்க அண்ணனை" என்றாள் அண்ணி. "தலையில டேப்பு ஒட்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு. பெட்டிய மடிக்கச் சொன்னா இவரே பெட்டிக்குள்ள போயிட்டு வந்திருக்காரு."

சூளைக்காரர் தலையைத் தடவி அந்தத் துண்டைப் பிய்த்தெடுத்தார். "நல்ல டேப்பு. லேசுல விடமாட்டேங்குது."

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. சூளைக்குள்ளயே முக்கால் ஆயுசு போச்சு. இப்ப புதுசா வந்தவன் நிக்கிறானாம், இவரு நூல் கண்டை உருட்டுறாராம்." அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "கண்ணு விஷயம் எப்படி வெளிய போச்சுன்னுதான் எனக்குப் புரியலை. நான் சொல்லலை. நீ சொல்லலை. ஆஸ்பத்திரில யாரோ பாத்துட்டுப் போட்டுக் கொடுத்திருக்கான்."

இவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எவனா இருந்தாலும் சரி. உப்புப் போட்டுச் சாப்பிடுறவனா இருந்தா இதைச் செய்வானா? சொல்லு. ரோஷம்னு ஒண்ணு வேணாம் மனுசனுக்கு?"

அவளுக்குப் புரையேறியது. இப்போது சூளைக்காரர் வாயைத் திறப்பார், சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். அவர் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"விடு. யாரா இருந்தா என்ன" என்றார் மனைவியிடம். "இன்னும் கொஞ்சம் ரசம் இருந்தா ஊத்து."

அவர் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அண்ணி தினமும் அந்த முகம் தெரியாத ஆளை வைதாள். விதவிதமாக வைதாள். கை வீங்கிப்போக என்றாள், போகிற இடமெல்லாம் பஸ் தவறிப்போக என்றாள். அவளும் கூடவே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஒருமுறை அண்ணி, "நீயாவது ஒரு வார்த்தை திட்டேன்மா, எனக்கு வாய் வலிக்குது" என்றபோது அவள், "ஆமா அண்ணி, நல்லாவே இருக்க மாட்டாங்க" என்றாள். சொன்ன பிறகு கையிலிருந்த கத்தியைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனாள்.

*

சூளையில் புதிதாக நிறுத்திய ஆளிடம் சூட்டைக் குறைக்கச் சொன்னவளும் அவளே. "எண்ணூறுக்கு மேல போகாதீங்க, பழைய மீட்டர் கூடக் காட்டுதோ குறைச்சுக் காட்டுதோ தெரியாது" என்றாள். அவன் அப்படியே செய்தான். டைல் வந்தது. நீலச் சாயம் தடவி விளக்கின் அடியில் வைத்தார்கள். நீலம் போய்விட்டது. மேனேஜர் முகம் மலர்ந்தது. பார்க்கலாம் என்று விரலால் டைலைத் தேய்த்தார். விரல் வெள்ளையாக வந்தது.

"என்னங்க இது, சுண்ணாம்பு மாதிரி கையோட வருது?"

"ஒட்டலை சார். சூடு பத்தலை."

"கூட்டினா சாகுது, குறைச்சா உதிருது. அப்ப உங்க லேப் டைல் மட்டும் எப்படி ரெண்டும் செய்யுது?"

சூளை ஒரு மாதிரி, லேப் அடுப்பு ஒரு மாதிரி, காற்றோட்டம் வேறு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். லேபுக்குத் திரும்பி வந்ததும் அலமாரியில் துணியில் சுற்றி வைத்திருந்த தன் டைலை எடுத்தாள். சாயம் தடவியிருக்கிறாள், விளக்கில் காட்டியிருக்கிறாள், பத்துப் பேருக்குத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். ஒருமுறைகூடத் தேய்த்துப் பார்த்ததில்லை. பிறந்த குழந்தையைத் தொடுவதுபோல ஓரத்தைப் பிடித்தே தூக்கியிருக்கிறாள்.

கட்டைவிரலால் தேய்த்தாள். விரல் வெள்ளையாக வந்தது.

தொள்ளாயிரத்தில் சுட்ட டைல் இப்படி உதிராது. உதிர்ந்தால் அது தொள்ளாயிரத்தில் சுட்டதில்லை. ஆனால் அடுப்பின் கன்ட்ரோல் பெட்டியில் சிவப்பு எழுத்தில் தொள்ளாயிரம் என்றுதானே காட்டியது, அவளே நின்று பார்த்தாளே. மீட்டரை நம்பாவிட்டால் வேறு எதை நம்புவது.

மாடிப்படியில் சூளைக்காரர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. முந்தின நாள் காலை. செருப்பு மாட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நீ தப்பாச் சொல்ல மாட்டம்மா. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. தொள்ளாயிரம்னுதான் பாத்தேன். ஆனா இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு அடிச்சுச் சொல்ல முடியலை. இத்தனை வருசமா எத்தனை தடவை தப்பாப் பாத்தேனோ."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

*

மதிய இடைவேளையில் லேபில் யாரும் இல்லை. சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். அண்ணி எப்போதும் ஒரு சின்ன டப்பாவில் தனியாக உப்பு வைத்து அனுப்புவாள். யாருக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்று தனக்கு எப்படித் தெரியும், அவரவர் நாக்கு அவரவருக்கு என்பது அவள் கட்சி. டப்பாவைப் பார்த்ததும் அண்ணியின் குரல் காதில் விழுந்தது. உப்புப் போட்டுச் சாப்பிடுறவனா இருந்தா.

உப்பு. எண்ணூறு டிகிரியைத் தாண்டினால் உப்பு உருகிவிடும். எந்த மீட்டரும் வேண்டாம். எந்தக் கண்ணும் வேண்டாம். உருகினால் கிண்ணத்தில் தண்ணீராக நிற்கும். ஆறினால் கண்ணாடிச் சில்லு மாதிரி உறைந்து கிடக்கும்.

ஒரு சிட்டிகை உப்பைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு அடுப்பில் வைத்தாள். தொள்ளாயிரம் என்று அமுக்கினாள். எண் ஏறிக்கொண்டே போனது. சாப்பாட்டைத் தொடவில்லை. சிவப்பு எழுத்து தொள்ளாயிரத்துக்கு வந்து நின்றதும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைத்தாள். பிறகு இடுக்கியால் கிண்ணத்தை வெளியே எடுத்தாள்.

உப்பு உப்பாகவே இருந்தது. இப்போதே எடுத்துச் சோற்றில் தூவலாம் போல.

அண்ணியின் உப்பில் ஏதோ கலப்படம் என்று முதலில் நினைத்தாள். நினைத்ததற்குத் தானே கூசினாள். இருந்தாலும் லேபில் இருந்த சுத்தமான உப்பை எடுத்து இன்னொரு தடவை வைத்தாள். அதுவும் உருகவில்லை.

அடுப்பின் பின்பக்கம் போனாள். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி அங்கேதான் உள்ளே நுழைகிறது. கம்பியின் உறை பச்சை நிறம்.

பழைய கம்பியின் உறை இளஞ்சிவப்பு. அது ஒரு நாள் உடைந்துபோனது. ஸ்டோரில் அதே வகை இல்லை. பழைய பெட்டியில் பச்சை ஒன்று கிடந்தது. வேறு வகை என்று அவளுக்குத் தெரியும். ஒரே சூட்டுக்கு அது வேறு அளவு மின்சாரம் கொடுக்கும். கம்பியை மாற்றினால், என்ன வகை மாட்டியிருக்கிறது என்று கன்ட்ரோல் பெட்டிக்கும் சொல்ல வேண்டும். நாலு பட்டனை அமுக்குகிற வேலை. டீ ஆறிப்போகுது என்று யாரோ கூப்பிட்டார்கள். வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று போனாள். வந்து மாற்றவில்லை. மறந்தே போனாள்.

அதற்குப் பிறகுதான் பவுடர் சாகாமல் பிழைக்க ஆரம்பித்தது.

அது பிழைக்கவில்லை. எண்ணூறைக்கூடத் தொடாத சூட்டில் எந்தப் பவுடரும் பிழைக்கும். சூளைக்காரரின் தொள்ளாயிரம்தான் தொள்ளாயிரம். அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

அவள் செய்த அடுத்த காரியத்தை அவளால் பிறகு யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அந்த நாலு பட்டனை அமுக்கினாள். பெட்டியைச் சரி செய்தாள். கிண்ணத்தைக் கழுவினாள். உப்பு தண்ணீரில் கரைந்து போனது.

*

"சார், பவுடர்லயும் ஒரு சின்னப் பிரச்சினை இருக்கு" என்றாள் மேனேஜரிடம். "சிலிக்கா அளவை மாத்திப் பாக்கணும். கொஞ்சம் டைம் வேணும்."

"அப்ப சூளை சரியாத்தான் இருந்துச்சுங்கிறீங்களா?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாம் என்று.

"ரெண்டுமே இருக்கலாம் சார்."

"சரி, பாருங்க. அவரு பேக்கிங்லயே இருக்கட்டும். கண்ணு தெரியாத மனுசனை நெருப்புகிட்ட நிறுத்தி நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். இந்த வாரம் முடிஞ்சதும் அதை நிரந்தரமாவே ஆர்டர் போட்டுடறேன்."

ரெண்டுமே இருக்கலாம். படிக்கட்டில் இறங்கும்போது அந்த வாக்கியம் கூடவே இறங்கி வந்தது.

கேட்டுக்குப் போகிற வழி பேக்கிங் பகுதி வழியாகத்தான். அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்ததால் அவள் வருவது அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பேச்சு மட்டும் கேட்டது.

"அண்ணே, இது எத்தனைன்னு சொல்லுங்க பாப்போம்." பேக்கிங் ஆள் ஒருவன் விரலைக் காட்டுகிறான் போலிருந்தது. சுற்றி நாலைந்து பேர் சிரிப்பு.

"உன் கையிலயா, தலைக்குள்ளயா?" இது சூளைக்காரர் குரல். "கையில மூணு. தலைக்குள்ள ஒண்ணும் தெரியலைப்பா. என் கண்ணு அவ்வளவு தூரம் போகாது."

சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. அவரும் சிரித்தார். தினமும் இது நடக்கிறது என்பது அந்தப் பதில் வந்த வேகத்திலேயே தெரிந்தது. பழகிய பதில்.

அவள் அடுக்கைத் தாண்டி வந்தாள். பேச்சு நின்றது. அவர் தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு பெட்டியின் அடிப்பக்கத்தை முழங்காலால் அமுக்கிக்கொண்டிருந்தார். சூளைக்கு எதிரே நின்று நின்று எப்போதும் சிவந்திருக்கிற முகம் சில நாட்களிலேயே வெளிறிப் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"கிளம்பிட்டியா? பஸ் போயிடும், வேகமாப் போ."

அவள் கிளம்பவில்லை.

"அண்ணா, லேபுக்கு வாங்க. மேனேஜரையும் கூப்பிடறேன்."

"எதுக்கு?"

"வாங்க அண்ணா."

*

காட்ட வேண்டுமென்றால் தப்பைத் திரும்பச் செய்தாக வேண்டும். அதுதான் அவள் எதிர்பாராதது. மேனேஜர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, சூளைக்காரர் வழக்கம்போலக் கதவோரம் நிற்க, அவள் சரி செய்த பெட்டியைப் பழையபடி தப்பாக மாற்றினாள். கிண்ணத்தில் உப்பைப் போட்டாள். அடுப்பை ஏற்றினாள்.

அடுப்பு சூடாகும்வரை மூன்று பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டியிருந்தது. மேனேஜர் இரண்டு தடவை மணியைப் பார்த்தார். அவள் கை கழுவினாள், மேசையைத் துடைத்தாள், துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். சூளைக்காரர் மட்டும் அடுப்பின் கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நாள் கழித்து நெருப்பைப் பார்க்கிறவரின் பார்வை.

எண் தொள்ளாயிரத்தில் நின்றது. அவள் இடுக்கியால் கிண்ணத்தை எடுத்து மேனேஜர் முன்னால் செங்கல்மேல் வைத்தாள்.

"இது உப்பு சார். எண்ணூறைத் தாண்டினா உருகணும். உருகலை. இந்த அடுப்பு தொள்ளாயிரம்னு பொய் சொல்லுது. கம்பி உடைஞ்சப்ப நான்தான் வேற கம்பி மாட்டினேன். பெட்டில மாத்த மறந்துட்டேன். இப்ப சரி பண்றேன், எண்ணைப் பாருங்க."

பட்டன்களை அமுக்கினாள். கடைசிப் பட்டனில் சிவப்பு எழுத்து ஒருமுறை அணைந்து எரிந்தது.

மேனேஜர் கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். "எவ்வளவு காட்டுது?"

"எழுநூத்தி எழுபத்தெட்டு" என்றார் சூளைக்காரர், கதவோரத்திலிருந்தே.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். எழுநூற்று எழுபத்தெட்டுதான்.

"ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நான் என்ன சொல்றது இப்ப" என்றார். பிறகு, "சூளைய நீங்க பழி சொன்னப்ப இது உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"அப்பத் தெரியாது சார். இன்னிக்கு ரெண்டுமே இருக்கலாம்னு சொன்னப்பத் தெரியும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. திட்டக்கூட வேண்டாம் என்று நினைத்தவர் போலிருந்தது.

"சரி. சூளை மேல தப்பில்லை. கண்ணு?"

"அதை நான் சொல்லியிருக்கக் கூடாது சார். அது வீட்டு விஷயம்."

"சொல்லிட்டீங்களேம்மா. காதுல விழுந்ததை விழலைன்னு நான் எப்படிச் சொல்றது? டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரட்டும். அதுக்கப்புறம் பாக்கலாம்."

வெளியே நடையில் சூளைக்காரர் அவளுக்கு முன்னால் நடந்தார். திருப்பத்தில் நின்றார்.

"கம்பி மாத்துறது யாருக்கும் தப்பும். நான் கருக்கின டைலை அடுக்கினா இந்தக் கட்டடம் உசரம் வரும்." சொல்லிவிட்டுச் சட்டையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார். "ஆனா மருந்து விட்டதும் நீதானேம்மா."

அவர் போய்விட்டார்.

*

அண்ணியிடம் அவளே சொன்னாள். அவர் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று ஓடி வந்து சொன்னாள். அவர் எப்போதுமே சொல்லியிருக்க மாட்டார் என்பது பிறகுதான் உறைத்தது.

அண்ணி அடுப்பைத் தணித்தாள். மாவு டப்பாவை நகர்த்தி, பின்னால் இருந்த மருந்துக் குப்பியை எடுத்து, முந்தானையில் துடைத்தாள்.

"நான் தெருவுல போறவனையெல்லாம் வஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் கடைசியில். "நீயும் பக்கத்துல உக்காந்து காய் நறுக்கிக்கிட்டு இருந்தே."

குப்பியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அது அதன்பிறகு கீழே வரவில்லை. மறுநாள் சாப்பாட்டுப் பையில் எல்லாம் எப்போதும்போல இருந்தது. உப்பு டப்பாவும் இருந்தது, விளிம்புவரை நிரம்பி. வேண்டுமென்று நிரப்பினாளா, கை தவறி நிரம்பியதா என்று கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த பேப்பரில் ஒரு கண் நன்றாக இருக்கிறது, மற்றதில் புரை தொடங்கியிருக்கிறது, கண்ணாடி போட்டால் வேலை பார்க்கலாம் என்று இருந்தது. மேனேஜர் அவரைச் சூளைக்கே அனுப்பினார், ஆனால் பகல் ஷிஃப்ட் மட்டும், கூட ஒரு ஆளோடு. அவர் எப்போதும் தனியாக நிற்கிறவர். சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு, கூடவே முனகிக்கொண்டு நிற்பார். இப்போது பக்கத்தில் ஒருவன் நின்றுகொண்டு அவர் படித்த எண்ணைத் திரும்பப் படிக்கிறான். ரேடியோ வீட்டில் இருக்கிறது.

அவள் மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தாள். சிலிக்காவோடு கொஞ்சம் பாஸ்பேட் சேர்த்துப் பார்த்தாள். லேப் அடுப்பில் ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ஒரு கிண்ணம் உப்பு வைத்தாள். உப்பு உருகியது. பவுடர் செத்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு இடத்தில் சாதாரண டைல் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு நாள் சூளையிலேயே சுட்டுப் பார்க்க ஒரு டைலை எடுத்துப் போனாள். அவர் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். வாங்கி வண்டியில் ஏற்றினார். சாயங்காலம் டைல் வெளியே வந்து, ஆறி, சாயம் தடவி, விளக்கின் அடியில் இருந்து, அடுத்த நாள் அவள் அதை எடுத்துக்கொண்டு சூளைப் பக்கம் போனாள். நீலம் நீலமாகவே இருந்தது. மறைத்து எடுத்துப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெளியே தெரியும்படிதான் பிடித்துக்கொண்டாள்.

"செத்துருச்சா?" என்றார்.

"செத்துருச்சு அண்ணா."

"நிஜமாவே செத்துச்சா?"

அவள் காது வரைக்கும் சூடேறியது. பக்கத்தில் நின்ற ஆள் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"நிஜமாத்தான் அண்ணா. தேய்ச்சும் பாத்தேன். நல்லா ஒட்டியிருக்கு, ஆனா செத்துப்போச்சு."

அவர் டைலை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்கு மிகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். விரலில் ஒன்றும் இல்லை.

"அடுத்ததைக் கொண்டா" என்றார், சூளையின் கதவைப் பார்த்தபடி. "வண்டில ஓரமா இடம் விட்டு வைக்கிறேன்."